தேனீயிடம் எந்த மொழியில் பேசுவது?

நேயர்களுக்கு வணக்கம். இடைக்கால ஐரோப்பாவில் ஆசீர்வாதம் என்றாலே லத்தீன்தான், ஊர்மக்கள் புரியாமல் தலைகுனிந்து நின்றார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எழுதப்பட்ட சடங்கு ஒன்று இருக்கிறது. பெயர் 'ஆக்கர்போட்', வயல் பரிகாரம் என்று பொருள். விளைச்சல் குன்றிய நிலத்துக்கும், செய்வினைக்கு ஆளான நிலத்துக்கும் உரியது. விடியுமுன் நிலத்தின் நான்கு பக்கங்களிலிருந்தும் புல்லோடு மண்கட்டி பெயர்த்தெடுக்க வேண்டும். எண்ணெய், தேன், அந்த நிலத்துக் கால்நடைகளின் பால் எல்லாம் சேர்த்து, அந்த மண்கட்டிகளின் அடிப்பக்கத்தில் புனித நீரை மூன்று முறை சொட்டவிட வேண்டும். அப்போது சொல்லும் வாசகம், 'பலுகிப் பெருகி பூமியை நிரப்புங்கள்' என்ற விவிலிய வாக்கு. அதைச் சொல்லும் முறைதான் என்னைக் கட்டிப்போட்டது. 'கிரெஸ்கிதே' என்று ஒரு லத்தீன் சொல்; அதை ஒட்டியே 'வெக்ஸெ' என்று பழைய ஆங்கிலச் சொல். இரண்டும் 'வளர்' என்பதே. வாக்கு முடியும்வரை இப்படியே, ஏரில் பூட்டிய இரு மாடுகள்போல இரு மொழிகளும் சேர்ந்தே நடக்கின்றன.

பிறகு அந்த மண்கட்டிகள் கோயிலுக்குப் போகும். பச்சைப் பக்கம் பீடத்தை நோக்கியிருக்க, குருவானவர் நான்கு திருப்பலிகள் பாடுவார். சூரியன் மறையுமுன் அவை பழைய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். ஆனால் கலப்பையைத் தொட்டு, 'பூமியின் தாயே' என்று அழைக்கும் நேரத்தில் லத்தீன் இல்லை. அங்கே ஆங்கிலம் மட்டுமே. வேதத்தின் அதிகாரத்துக்கு லத்தீன் தேவைப்பட்டது; மண்ணோடு பேச உழுகிறவனின் மொழி வேண்டியிருந்தது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஜெர்மனியின் லோர்ஷ் மடத்தோடு தொடர்புடைய ஒரு லத்தீன் ஏடு இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தின் ஓரத்தில், 10ஆம் நூற்றாண்டில் யாரோ பழைய ஜெர்மன் மொழியில் சில வரிகளைத் தலைகீழாக எழுதிவைத்தார். கூட்டை விட்டுக் கிளம்பிய தேனீக்களைத் திரும்ப அழைக்கும் ஆசீர்வாதம் அது. தேன் மட்டுமா, பீடத்து மெழுகுவர்த்திக்கான மெழுகும் அவை தந்ததுதானே! 'கிறிஸ்துவே, தேனீக் கூட்டம் வெளியே வந்துவிட்டது' என்று முறையிடுகிறது முதல் வரி. அடுத்து, தேனீக்களிடமே பேச்சு திரும்புகிறது: காட்டுக்குப் பறந்துவிடாதே, உனக்கு விடுப்பு இல்லை. உட்கார், உட்கார், தேனீயே. புனித மரியாள் உனக்குக் கட்டளையிட்டாள்.