டூப் போட்டவர் டார்ஜான் ஆன கதை

[திரையில்: ஏரிக்கு மேல் தாழப் பறக்கும் விமானம்]

பறந்துகொண்டிருக்கும் விமானத்திலிருந்து ஒருவர் ஏரிக்குள் குதிக்கிறார். 1962இல் வெளிவந்த 'டார்ஜான் கோஸ் டு இந்தியா' படத்தில் நாயகன் வந்து இறங்குவது இப்படித்தான். ஆள் புதுசு. பெயர் ஜாக் மஹோனி.

அதற்கு முன்பு 1955 முதல் 1960 வரை கார்டன் ஸ்காட்தான் டார்ஜான். அவருடைய கடைசி டார்ஜான் படமான 'டார்ஜான் தி மாக்னிஃபிசென்ட்'டில் வில்லன் யார் தெரியுமா? இதே மஹோனி! டார்ஜானோடு கட்டிப் புரண்டவர் அடுத்த படத்திலேயே டார்ஜான் ஆகிவிட்டார்.

[திரையில்: படிக்கட்டுப் பாய்ச்சல்]

மஹோனி அடிப்படையில் ஸ்டண்ட்காரர். 'அட்வெஞ்சர்ஸ் ஆஃப் டான் வான்' படத்தில் நாயகன் எரால் ஃப்ளின் உயரமான படிக்கட்டிலிருந்து எதிரி மேல் பாய்வாரே, அது ஃப்ளின் இல்லை, இவர்தான். சார்லஸ் ஸ்டாரெட்டின் கௌபாய் படங்களிலும் டூப் போட்டார்.

டார்ஜான் ஆனபோது வயது 40ஐத் தாண்டியிருந்தது. 6 அடி 4 அங்குல உயரம், ஒல்லியான நீண்ட உடம்பு. ஸ்காட்டின் கட்டுமஸ்தான உடம்போடு ஒப்பிட்டால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். என்னைக் கேட்டால் படத்தின் பலமே அந்த உடம்புதான். டூப் வைத்து எடுக்கும்போது கேமரா தள்ளிப் போயாக வேண்டும், இல்லையென்றால் முதுகைக் காட்ட வேண்டும். முகம் தெரிய வேண்டிய நொடியில் கட் விழும். நாயகனே குதிப்பவர் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர் ஓடுவதும் ஏறுவதும் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும்.

[திரையில்: யானைக் கூட்டம்]

சரி, கதைக்கு வருவோம். அணை கட்டுகிறார்கள், பள்ளத்தாக்கு மூழ்கப் போகிறது. உள்ளே 300 யானைகள். சாகக் கிடக்கும் மகாராஜா, அவற்றைக் காப்பாற்ற டார்ஜானை அழைக்கிறார். கூட்டத்தை வெளியே ஓட்டிவர அவனுக்குத் துணை ஜெய் என்ற சிறுவனும் கஜேந்திரா என்ற யானையும்.

இயக்குநர் ஜான் கில்லர்மின் படத்தை இந்தியாவிலேயே எடுத்தார். சினிமாஸ்கோப் அகலத்தில் யானைகள் நெருக்கியடித்து வரும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம். செட்டில் இந்தக் கனம் வராது. இளவரசனாக ஃபெரோஸ் கான், இளவரசியாக சிமி கரேவால். சிமிக்கு இதுதான் முதல் படம். வில்லன்கள் மட்டும் சப்பென்று இருக்கிறார்கள். அணை வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைப் படம் இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாம்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஜானி வைஸ்முல்லர் 1932 முதல் 1948 வரை 12 படங்களில் அரைகுறை வார்த்தைகளில் பேசிய டார்ஜான். தயாரிப்பாளர் சை வெய்ன்ட்ராப் கைக்கு வந்த பிறகு டார்ஜான் கோர்வையாகப் பேசுகிறான், அவனுடைய ஜோடி ஜேன் கிடையாது, நாடு நாடாகப் போகிறான். மஹோனியின் நிதானமான குரல் இந்த டார்ஜானுக்கு அப்படியே பொருந்துகிறது.

[திரையில்: தாய்லாந்துக் காட்சிகள்]

அப்புறம் 1963இல் 'டார்ஜான்ஸ் த்ரீ சேலஞ்சஸ்'. தாய்லாந்தில் படப்பிடிப்பு. அங்கே மஹோனிக்கு வயிற்றுக்கடுப்பு, டெங்கு, நிமோனியா எல்லாம் வந்தன. எடை மளமளவென்று இறங்கியது. சில காட்சிகளில் விலா எலும்பே தெரியும். ஆனாலும் படத்தை முடித்துக் கொடுத்தார். அதோடு அவர் டார்ஜானாக நடிப்பது நின்றது, அடுத்து மைக் ஹென்றி வந்தார்.