முதலில் சாப்பாடு, மனசு பின்னால் வரும்

(கடலூரில் கல்லூரி மாணவிகளும் பெற்றோர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பாண்டியிலிருந்து பேருந்தில் வரும்போது ஒரே யோசனை. கடலூர் மாவட்டத்துக்காரர்களிடம் பசியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. பசியைப் பிணி என்றும், சோற்றை அதற்கு மருந்து என்றும் கண்ட மண் இது. அந்த மண்ணில் பிறந்து, பானையில் சோறும் சட்டியில் குழம்பும் இருக்க, தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு கவளம் விழுங்க முடியாமல் அழுத பெண் நான். என் பிணிக்கும் மருந்து சோறுதான். ஆனால் அந்த மருந்தைக் கண்டாலே நோயாளி நடுங்குகிறாள். உண்ணுதல் கோளாறு என்ற அந்த நோயைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் என் எடை எத்தனை கிலோ என்று சொல்லமாட்டேன். எதை விட்டேன், எப்படி மறைத்தேன் என்பதையும் விவரிக்கமாட்டேன். இதே நோயோடு ஒரு பிள்ளை இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கலாம். நான் சொல்லும் எண்ணை அவள் இலக்காக எடுத்துக்கொள்வாள். நானும் அப்படி எடுத்துக்கொண்டவள்தான்.

எனக்கு 17 வயது. அக்கா கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போயிருந்தோம். டெய்லர் அக்கா டேப்பை இடுப்பில் சுற்றி, அளவை நோட்டில் எழுதிக்கொண்டே, "கல்யாணத்துக்குள்ள ரெண்டு இன்ச் குறைச்சிடு பாப்பா, போட்டோல நல்லா இருக்கும்" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ பேச்சு காதில் விழுந்து போயிருக்கும். இது மட்டும் தங்கிவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தேன். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும், "நல்லா இளைச்சு அழகாயிட்டியே, என்ன பண்ற?" என்று சூழ்ந்துகொண்டார்கள். பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கியபோதுகூட அப்படி யாரும் கேட்டதில்லை. கல்யாணம் முடிந்தது, நான் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் வந்தது. அப்புறம் சஷ்டி, அப்புறம் கிருத்திகை, அப்புறம் சனிக்கிழமையும். விரதம் இருக்கும் பெண்ணை நம் வீடுகளில் ஏன் என்று கேட்கமாட்டார்கள், பெருமைப்படுவார்கள். விரதத்தை நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவும் இருப்பார். விரதம் முடிந்ததும் அம்மா இலை போட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார். எனக்கோ முடிக்கும் நேரம் நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும். வித்தியாசம் அங்கேதான் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

கல்லூரி விடுதிக்குப் போனதும் நிலைமை தலைகீழானது. பட்டினி போட்ட உடம்பு ஒரு நாள் கடனை வட்டியோடு கேட்கும். ராத்திரி அறைத்தோழிகள் தூங்கிய பிறகு, வீட்டிலிருந்து வந்த முறுக்கு டப்பா முழுவதும், நின்றுகொண்டே, ருசிகூடத் தெரியாமல். முடித்ததும் உடம்பெல்லாம் கூசும் வெட்கம். தின்றதை எப்படியாவது வெளியே தள்ளியாக வேண்டும் என்ற வெறி. இரண்டு வருஷம் அப்படிப் போனது.

இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது என்றே எனக்கு அப்போது தெரியாது. பட்டினி கிடந்து உடலை வாட்டும் நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று 1870களிலேயே லண்டன் மருத்துவர் வில்லியம் கல் பெயர் வைத்துவிட்டார். ஆகவே இது செல்போன் கொண்டுவந்த நோய் என்று சொல்லாதீர்கள். அளவில்லாமல் தின்றுவிட்டு அதை வெளியேற்றத் துடிப்பதை, புலிமியா நெர்வோசா என்று 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்தார். வெளியேற்றாமல், தின்றுவிட்டுத் தனிமையில் குமைகிறவர்களின் நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி இடம் கிடைத்தது 2013இல்தான். எல்லாவற்றையும் சேர்த்து உண்ணுதல் கோளாறு என்கிறோம். ஒருத்திக்கே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். எனக்கு மாறியது.

எலும்பும் தோலுமாக இருந்தால்தான் நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விடுதியில் நான் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தேன். உள்ளே ரத்தத்தில் பொட்டாசியம் என்ற தாது இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும், சில சமயம் உயிரே போகும். பல் எனாமல் கரைந்தது. மாதவிடாய் தவறியது. "குண்டாத்தானே இருக்கா, இவளுக்கு என்ன நோய்" என்று உருவத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

முதலில் என்னை அழைத்துப்போனது வயிற்று டாக்டரிடம். "வயிறு உப்புசமா இருக்கு, பசியே இல்ல" என்றேன். அல்சர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டேன் என்று பல வருஷம் குற்ற உணர்ச்சி. பிறகுதான் படித்தேன்: ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர், தன்னிடம் வந்த பெண்கள் பலர் குண்டாகிவிடுவேன் என்ற பயத்தைச் சொல்லாமல் வயிறு உப்புசம் என்றே சொன்னதை 1990களில் எழுதியிருக்கிறார். பெற்றோர்களே, மாதக்கணக்கில் கேஸ், அல்சர் என்று பிள்ளை சாப்பாட்டைத் தவிர்த்தால், மாத்திரைச் சீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அவள் தட்டையும் கொஞ்ச நாள் பாருங்கள்.

சரி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். ஆயுதம் தூக்க மனசாட்சி ஒப்பாத 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தார்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் கால் பங்கு போனது. அது எதிர்பார்த்ததுதான். மனசுக்கு நடந்ததைக் கேளுங்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் பக்கமே போகாத ஆண்கள் சமையல் புத்தகங்களை வாசிக்க ஆரம்பித்தார்கள், குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை நேரம் போவது தெரியாமல் அளைந்து அளைந்து தின்றார்கள், தட்டை நக்கினார்கள். எப்போதும் குளிர். நண்பர்களோடு பேசப் பிடிக்கவில்லை. சிரிப்பு போய்விட்டது. மறுபடி சாப்பாடு கொடுத்தபோது பலருக்கு எவ்வளவு தின்றாலும் வயிறு நிறைந்ததாகத் தோன்றவில்லை.

இதைப் படித்த அன்று நான் உட்கார்ந்து அழுதேன். வார இதழ்களிலிருந்து சமையல் குறிப்புகளை வெட்டி ஒட்டிய நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பாதுஷா, கேரட் அல்வா, மட்டன் குருமா. ஒன்றைக்கூடச் செய்ததில்லை, வாயில் வைத்ததில்லை. நான் ஒரு விசித்திரப் பிறவி என்று நினைத்திருந்தேன். திடமான 36 ஆண்களுக்கும் அதே நடந்திருக்கிறது. அது பட்டினியின் குணம், என் குணமில்லை.

அதனால்தான் சொல்கிறேன். "மனசை மாத்திக்கோ, சாப்பாடு தானா இறங்கும்" என்று பிள்ளையிடம் மணிக்கணக்கில் பேசிப் பலனில்லை. பட்டினி கிடக்கும் மூளைக்கு உங்கள் நியாயம் ஏறாது. முதலில் சாப்பாடு, மனசு பின்னால் வரும். மெதுவாகத்தான் வரும்.

பாண்டியில் ஒரு மனநல மருத்துவர் என்னைப் பரிசோதித்து, ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்தபிறகு, ஒரு தாளில் நேரங்களை எழுதினார். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை ஏதாவது. நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசித்தாலும் சரி, பசிக்காவிட்டாலும் சரி. என் அம்மா எட்டாவது படித்தவர். அந்தத் தாளை அரிசி டப்பா மூடியில் சோற்றுப்பருக்கையால் ஒட்டினார்.

முதல் நாள் மத்தியானம். ஒரு கரண்டி சோறு, சங்கரா மீன் குழம்பு, கோஸ் பொரியல். குழம்பின் மேலே எண்ணெய் மிதந்தது. எனக்கு மீனும் தெரியவில்லை, சோறும் தெரியவில்லை, அந்த எண்ணெய்தான் தெரிந்தது. பருக்கைகளை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தபடி, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்ட கதையைச் சொன்னார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கத்தினேன். "என்னைக் கொல்லப் பாக்குறியா" என்றுகூடக் கேட்டேன். அம்மாவின் கை காய்ந்து, குழம்பு விரலில் பொருக்கு கட்டிப்போயிருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா. நீ எழுந்திருக்கிற வரைக்கும் நானும் எழுந்திருக்க மாட்டேன்" என்றார். அந்த ஒரு கரண்டிச் சோற்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு என்னைத் தனியாக விடாமல் பக்கத்தில் உட்காரவைத்துக் கனகாம்பரம் கட்டினார். நாலு மணிக்குப் பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு மறுபடியும் எதிரே வந்து உட்கார்ந்தார்.

லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சை முறை கிட்டத்தட்ட இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இளவயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்வது. குற்றம் யாருடையது என்ற விசாரணை இல்லை. பிள்ளை வேறு, நோய் வேறு என்று பார்ப்பது.

ஓர் எச்சரிக்கை. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவளுக்குப் பாசத்தில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தண்ணீரும் குடிக்க மறுப்பது, சாகலாம் என்ற பேச்சு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

அப்புறம் நம் வாய். என் ஆயா காலத்தில் "பூசினாப்ல இருக்க" என்றால் பாராட்டு. "இளைச்சிட்டியே கண்ணு" என்றால் கவலை, உடனே ஒரு தட்டில் ஏதாவது வரும். ஒரே தலைமுறையில் இரண்டு வாக்கியமும் இடம் மாறிவிட்டன. ஃபிஜி தீவில் இதை நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள். நம் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுபோன அதே ஃபிஜிதான். அங்கே பூர்வகுடி மக்களிடமும் திடமான உடம்புக்குத்தான் மதிப்பு. 1995இல் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்கிருந்த பள்ளி மாணவிகளிடம் அப்போதும் மூன்று வருஷம் கழித்தும் கேட்டார். எடைக்காக வாந்தி எடுத்தேன் என்று முதலில் ஒருத்தியும் சொல்லவில்லை. 1998இல் 11 சதவீதம் பேர் சொன்னார்கள். அது வெறும் தொலைக்காட்சி. இன்று நம் பிள்ளைகள் கையில் முகத்தையே செதுக்கிக் காட்டும் கேமரா இருக்கிறது.

எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பிஎம்ஐ பற்றியும் கேட்பீர்கள். அந்தக் கணக்கைப் போட்டவர் கெட்லே என்ற பெல்ஜியம் புள்ளியியல் அறிஞர், 1830களில். மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியப் போட்டது. 1972இல் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தது அதே ஆன்சல் கீஸ். மருத்துவருக்கு அது ஒரு குறிப்பு. தினமும் காலையில் எடை மெஷினில் ஏறித் தன் மதிப்பைக் கேட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு அது தேவையில்லை. எங்கள் வீட்டு மெஷினை அம்மா பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்.

பையன்களைப் பெற்றவர்களும் கேளுங்கள். ஜிம்முக்குப் போகும் எல்லாருக்கும் நோய் இல்லை. ஆனால் நண்பன் கல்யாண விருந்தில்கூடச் சாப்பிட மறுத்து, ஒரு நாள் உடற்பயிற்சி தவறினால் ஊமையாகிப்போகும் பையனிடம் பேசிப்பாருங்கள்.

எனக்குக் குணமாக ஏறக்குறைய மூன்று வருஷம் ஆனது. பிரசவத்துக்குப் பிறகு மறுபடி எட்டிப்பார்த்தது. இந்த முறை ஒளிக்கவில்லை. முதல் வாரத்திலேயே கணவரிடம் சொன்னேன், மருத்துவரிடம் போனேன். உடம்பை நேசி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ரொம்பப் பெரிய வார்த்தையாக இருந்தது. சிறியதாக ஆரம்பித்தேன். இறுக்கும் சுடிதார்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, இப்போதைய அளவுக்குத் துணி வாங்கினேன். அவ்வளவுதான். மூச்சு விட முடிந்தது.

ஆறு வருஷம் நான் கடலில் கால் நனைக்கவில்லை. ஈரத்துணி உடம்போடு ஒட்டும் என்ற பயம். ஒரு மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நின்ற கூட்டத்தில், அம்மா புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தார். ஓர் அலை இடுப்புக்கு மேலே அடித்து நனைத்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஈர உடம்புகள். கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், தொப்பையோடு தாத்தாக்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, கோரிமேட்டில் ஜிப்மரின் மனநலத் துறை. வீட்டில் சொல்லவே பயமாக இருந்தால் 14416. டெலி மானஸ், 2022இல் அரசு தொடங்கியது, இலவசம், தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள், உங்களுக்காக இல்லாவிட்டாலும் தோழிக்காக.

வெளியே டீயும் போண்டாவும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் உடனே கிளம்பமாட்டேன். என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நினைப்பவர்கள் வாருங்கள், ஆளுக்கொரு போண்டாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவோம். உங்களால் இன்று சாப்பிட முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, வந்து உட்காருங்கள். நான் எழுந்து போகமாட்டேன்.