என் தாடை நீளமில்லை

வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் படகில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைக் காட்டிவிடுகிறேன். பல்லைக் கடிக்கிறேன், பாருங்கள். உங்களுக்கு மேல்வரிசைதான் முன்னால் நிற்கும். எனக்குக் கீழ்வரிசை நிற்கிறது. நடுவில் சுண்டுவிரல் நுனி நுழைகிறது. மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், சாப்பிட்டால் முன்பல்லில் மீ அறுபடாது. ஓரப் பல்லுக்குத் தள்ளி அறுக்க வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டில் மாமா ஒருவர், "தாடை நீண்டுவிட்டதே, கொஞ்சம் செதுக்கிவிட வேண்டியதுதானே?" என்றார். செதுக்க இது என்ன தேங்காய்ச் சிரட்டையா? நீண்டது கீழ்த்தாடை இல்லை மாமா, வளராமல் நின்றது மேல்தாடை.

உதட்டிலும், வாயின் மேற்கூரையான அண்ணத்திலும் பிளவோடு பிறந்தவன் நான். கிரகணத்தன்று அம்மா வெளியே போனதால் வந்தது என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருவில் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒட்டிச் சேர வேண்டிய பாகங்கள் சேராததுதான் பிளவு. அம்மாவை விட்டுவிடுங்கள். பிறந்து மூன்று மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். எடை ஏறாததால் இரண்டு வயது தாண்டித்தான் அண்ணத்தை மூடினார்கள். மூடிய இடத்தில் தழும்பு விழுந்தது. தழும்பு நீண்டு கொடுக்காது. பிள்ளை வளர வளர மேல்தாடையை முன்னால் வரவிடாமல் இழுத்துப் பிடிக்கும்.

இதற்கான தடயம் கிடைத்த இடம் இலங்கை. சிறுவயதில் அறுவை சிகிச்சையே கிடைக்காமல் வளர்ந்தவர்களின் முகத்தை, பிரிட்டிஷ் பல் சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் அங்கே ஆராய்ந்தார். ஹூஸ்டன் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து அவர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், தைக்கப்படாதவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது. உதடும் அண்ணமும் தைக்கப்பட்டவர்களுக்குத்தான் அது பின்தங்கியிருந்தது.

அப்படியென்றால் மூடாமலே விட்டிருக்கலாமே? பதினாறு வயதில் அம்மாவிடம் இப்படித்தான் கத்தினேன். "பாட்டியை நீ மாண்ணி என்றுதான் கூப்பிட்டாய்" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். அண்ணம் திறந்திருந்தால் 'ப', 'ட' சொல்வதற்கு வாயில் காற்று தேங்காது, மூக்கு வழியாக ஓடிவிடும்.

பத்து வயதில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறுப் பிளவில் வைத்தார்கள். கோரைப்பல் இறங்க இடம் கிடைத்தது. பதிமூன்றில் ஒரு பல் மருத்துவமனையில் கம்பி போட்டார்கள். வரிசை அழகாக வந்தது. பதினாறுக்குள் கீழ்த்தாடை வளர்ந்து எல்லாவற்றையும் தாண்டிப் போனது. வளர்ச்சி முடியட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா அந்த ரசீதை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார்.

இப்போது எனக்கு 20. அடுத்த மாதம் 'லெ ஃபோர்ட் 1' அறுவை சிகிச்சை. மேல்தாடையைப் பற்களோடு வெட்டிப் பிரித்து, முன்னால் நகர்த்தி, தகடும் திருகும் வைத்து நிறுத்துவார்கள். தூரம் அதிகமானால், கருவி பொருத்தி நாளுக்கு 1 மில்லிமீட்டராக நகர்த்தி, இடைவெளியில் புது எலும்பு வளரவிடுவதும் உண்டு. எனக்கு 8 மில்லிமீட்டர்தான். ஒரே தடவையில் முடித்துவிடலாமாம்.

ஆனால் தாடையோடு, அண்ணத்தின் பின்பகுதியான மென்அண்ணமும் முன்னால் போகும். அது தொண்டையின் பின்சுவரை எட்டாவிட்டால் காற்று மறுபடி மூக்கில் ஏறும். அதனால் குரலை முன்பே பதிந்து வைக்கச் சொல்லியிருக்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். படகு துறையை நெருங்கிவிட்டது, இரைச்சலும் குறைந்திருக்கிறது. கேளுங்கள்.

பட்டம். பாப்பா. பட்டர்வொர்த். பாட்டி.