44 வயதில் கோலில் நிற்க முடியுமா?

அடுத்த கேள்வி. இதைப் படித்ததும் எனக்கு ஒரே குஷி. ஒரு அம்மா கேட்கிறார்: "பாரிஸ் ஒலிம்பிக்கில் நார்வேக்கு ஆடித் தங்கம் வென்ற காத்ரினே லுண்டேவுக்கு 44 வயது என்றீர்கள். என் மகள் பள்ளியில் ஹேண்ட்பால் ஆடுகிறாள். 30-ஐத் தாண்டினால் அவ்வளவுதான் என்கிறார் அவளுடைய கோச். எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம். கோச் மைதானத்தில் ஓடுகிறவர்களைச் சொல்கிறார். நான் சொன்னது கோல்கீப்பரை.

லுண்டேவுக்கு கிறிஸ்டினே என்று ஒரு இரட்டைச் சகோதரி. அவர் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர். 2008 பெய்ஜிங், 2012 லண்டன், இரண்டிலும் அக்கா தங்கை இருவருக்கும் தங்கம். 2024-ல் பாரிஸில் பிரான்ஸை 29-21 என்று வென்றபோது கோலில் நின்றவர் மட்டும்தான் மிச்சம். ஒரே நாளில் பிறந்தவர்கள், நின்ற இடம்தான் வேறு.

ஓடுகிறவர்களுக்கு என்ன ஆகிறது? ருமேனியாவின் கிறிஸ்டினா நியாகுவைப் பாருங்கள். உலகின் சிறந்த வீராங்கனை விருது நான்கு முறை: 2010, 2015, 2016, 2018. முதல் இரண்டுக்கும் நடுவே ஐந்து வருட இடைவெளி இருக்கிறதே, அதில்தான் தோள் அறுவை சிகிச்சையெல்லாம் வந்தது. 2018 டிசம்பரில் ஐரோப்பியப் போட்டியில் முழங்கால் தசைநாரும் கிழிந்தது. எம்பி எறியும்போது எதிராளி எறிகிற கையையே பிடித்து இழுப்பார். உடம்பு திரும்பிவிடும், இறங்குவது ஒற்றைக் காலில். முழங்கால் என்ன செய்யும்?

கோல்கீப்பருக்கு அந்தத் தொல்லை குறைவு. வேறு தொல்லை உண்டு. கையுறை கிடையாது. கோலைச் சுற்றி ஆறு மீட்டரில் ஒரு கோடு, அதற்குள் கோல்கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். மற்றவர்கள் அந்தக் கோட்டுக்கு உள்ளே பாய்ந்து, கால் தரையில் படுமுன் எறிவார்கள். பந்து கைவிட்டுப் போகும்போது இடைவெளி நாலு மீட்டர்கூட இருக்காது. அதன் பிறகு பந்தைப் பார்த்து என்ன பயன்? அவர் படிப்பது எறிகிறவரின் தோளை. பழைய நேயர்களுக்கு இது மனப்பாடம், தெரியும், இருந்தாலும் சொல்வேன்: தோளைப் படிக்கிறார். எந்தப் பெண் களைத்தால் கீழ்மூலைக்கு எறிவாள், யார் கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்புவாள் என்பதெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்வது. நம் ஊர்ப் பழைய கண்டக்டருக்கு யார் எந்த ஸ்டாப்பில் இறங்குவார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியுமே, அப்படி. வந்த பந்தில் மூன்றில் ஒன்றைத் தடுத்தாலே நல்ல கோல்கீப்பர். அதனால்தான் வயது இங்கே சொத்தாகிறது.

உங்கள் மகள் ஓடி ஆடுகிறவள் என்றால் கோச்சிடம் ஒன்று கேளுங்கள்: எம்பி இறங்கப் பயிற்சி தருகிறாரா? நார்வேயில் இளம் ஹேண்ட்பால் ஆட்டக்காரர்களை வைத்து ஆய்வு செய்து 2005-ல் வெளியிட்டார்கள். வார்ம்-அப்பிலேயே இறங்குவது, திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று பழக்கியதில் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பெரிய செலவில்லை. பதினைந்து, இருபது நிமிடம்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இன்னொன்று: உடம்பு தாங்கினாலும் கிளப் தாங்குமா? டென்மார்க்கின் வீபோர்கில் 2, ஹங்கேரியின் கியோரில் 2, சொந்த நாட்டின் வைப்பர்ஸ் கிளப்பில் 3 என்று லுண்டே ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை ஏழு முறை வென்றவர். அந்த வைப்பர்ஸ் 2021, 2022, 2023 என்று வரிசையாக ஐரோப்பாவையே வென்ற அணி. 2025 ஜனவரியில் திவால். சீசன் பாதியில்! அந்தக் கிளப் இருந்த கிறிஸ்டியான்சான் சின்ன ஊர். டிக்கெட் விற்று நட்சத்திரங்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட முடியாது. ஸ்பான்சர் தயவில் ஓடுகிற வண்டி. வரவுக்கு மேல் செலவு ஏறி, ஒருநாள் நின்றது. மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, லுண்டே வேறு கிளப் பார்க்க வேண்டியதாயிற்று. கோச் சொன்ன 30 வயதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள் வந்தால், அந்தக் கிளப்பின் கணக்கு வழக்கை ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

சரி, அடுத்த கேள்வி, மதுரையிலிருந்து.