ஒரே ஒரு பக்கம்தான்க்கா

வணக்கம். நான் குடியாத்தத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், எம்.சி.ஏ படிச்சதால கம்ப்யூட்டர் சர்வீஸும் பண்றேன். ரேடியோவுல எதாச்சும் பேசுங்கன்னு கூப்ட்டதும் என்ன பேசறதுன்னு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிகினு இருந்தேன், அப்புறம் கடைக்கு வர்ற பத்துல எட்டு பேர் சொல்றதையே எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன். "யக்கா, சிஸ்டம் ஸ்லோவா இருக்கு." அந்த ஸ்லோவுக்குள்ள என்ன நடக்குதுன்னுதான் இன்னிக்கு பேச்சு.

எங்க கடையில மிஷின் ஒண்ணுதான். ஜூன் மாசம் அட்மிஷன் டைம்ல ஒரு காலேஜ் பையன் 80 பக்க ப்ராஜெக்ட்ட எடுத்துனு வந்து அஞ்சு காப்பி கேப்பான், 400 பக்கம். அவன் பின்னாடி ஒரு தாத்தா கையில ரேஷன் கார்டு, ஒரே காப்பி, பஸ் வேற கெளம்பப் போவுது. வந்தவங்களுக்கு மொதல்லன்னு சட்டம் போட்டா தாத்தா அரை நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் நிக்கணும். எங்கம்மா கல்லாவுல இருந்தே சொல்வாங்க, "த பாரு கண்ணு, அவுரு பஸ்ஸு பூடும், அவுருக்கு ஒண்ணு எட்த்து குட்த்துட்டு உன்துது போட்டுக்கலாம்." பாதியில நிறுத்தி, பையனோட பேப்பர எடுத்து ஓரமா வச்சு, 137ஆம் பக்கம் வரைக்கும் ஆச்சுன்னு குறிச்சிக்கணும்.

கம்ப்யூட்டர்லயும் இதே கததான். ப்ராசஸர்தான் கம்ப்யூட்டரோட மூளை, அதுல கோர்னு சொல்ற ஒவ்வொரு பகுதியும் நம்ம ஜெராக்ஸ் மிஷின் மாதிரி ஒரு நேரத்துல ஒரு வேலையதான் ஓட்டும். பாட்டு பாடுது, டவுன்லோடு ஆவுது, நீங்க டைப் அடிக்கறீங்க, எல்லாம் ஒண்ணா நடக்கற மாதிரி தெரியுதே, அது சில மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ஆள மாத்தி மாத்தி விடறதால. டைமர் ஒண்ணு மணி அடிச்சிகினே இருக்கும், லினக்ஸ்னு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது மத்த ப்ரோக்ராம எல்லாம் மேய்க்கற ப்ரோக்ராம், அதுல செகண்டுக்கு 250 தடவை, 1000 தடவைன்னு செட் பண்ணி வச்சிருப்பாங்க. மணி அடிச்சா ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ள வந்து இவன் போதும், அடுத்தவன் வான்னு சொல்லும். அதுக்குன்னு ரொம்ப அடிக்கடி மாத்தினாலும் ஆபத்துதான். பேப்பர எடுத்து வைக்கறதுக்கும் திரும்ப போடறதுக்குமே நேரம் போயிடும், காப்பி ஒண்ணும் வராது.

சரி, தாத்தாவுக்கு ஒரு பக்கம்தான்னு எங்கம்மா கண்ணால பாத்து தெரிஞ்சிக்கிறாங்க, கம்ப்யூட்டருக்கு யாரு சொல்றது? ஒரு ப்ரோக்ராம் எவ்ளோ நேரம் ஓடும்னு அதுக்கே தெரியாது. இந்த எடத்துலதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் வருது. 1961ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கற காலேஜ்ல ஃபெர்னாண்டோ கோர்பட்டோன்னு ஒருத்தரும் அவரோட ஆளுங்களும் ஒரே கம்ப்யூட்டர பல பேர் பங்கு போட்டுக்கற சிஸ்டத்த ஓட்டிக் காட்டினாங்க, பின்னாடி 1990ல அவருக்கு கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டியூரிங் விருதும் வந்துச்சு. அவங்க புடிச்ச வழி, கேக்காத, நடத்தைய பாரு. ஒரே வரிசைய மேல, கீழன்னு பலதா பிரிச்சாங்க. குடுத்த நேரத்துக்குள்ள முடிக்கலையா, கீழ் வரிசைக்கு போ, அங்க உன் முறை லேட்டாதான் வரும் ஆனா வந்தா கூட நேரம் கெடைக்கும். டைப் அடிக்கற ப்ரோக்ராம் ஒரு எழுத்துக்கு துளி நேரம் முழிச்சிட்டு திரும்ப தூங்கிடும், அதனால மேல் வரிசையிலயே இருக்கும். வீடியோ மாத்தற ப்ரோக்ராம் குடுத்த நேரம் மொத்தத்தையும் தின்னும், அதனால கீழ போயிடும்.

இதுலயும் ஏமாத்தறவன் இருக்கான்ல. எங்க கடையில ஒரு அண்ணன் வருவாரு, "ஒரே ஒரு பக்கம்தான்க்கா"ன்னு முன்னாடி நுழைவாரு, எடுத்துக் குடுத்ததும் பையில இருந்து இன்னொண்ணு, அதுவும் ஒரே பக்கம்தான், அப்புறம் இன்னொண்ணு. நேரம் முடியறதுக்கு ஒரு இமை முன்னாடி தானா எழுந்து போற ப்ரோக்ராமும் இதே வேலைதான் பண்ணும், நல்ல புள்ள மாதிரி மேல் வரிசையிலயே குந்திக்கும். எங்கம்மா கண்டுபுடிச்ச மருந்து, மொத்த கணக்க வை, அஞ்சு பக்கம் தாண்டிச்சா நீயும் ப்ராஜெக்ட் பையன் பின்னாடி போய் நில்லு. ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதறவங்க கண்டுபுடிச்சதும் அச்சு அசலா அதேதான்.

தாத்தாங்களா வந்துகினே இருந்தா பையன் கதி? சாயங்காலம் வரைக்கும் நிக்க வேண்டியதுதான். பாடப் புத்தகத்துல ஒரு கதை உண்டு, எம்.ஐ.டி.யில ஐ.பி.எம் 7094ங்கற கம்ப்யூட்டர 1973ல நிறுத்தறப்போ 1967ல போட்ட ஒரு வேலை இன்னும் ஓடாமலே கெடந்துச்சாம். கதைன்னே வச்சிக்குங்க. இப்ப விண்டோஸ்ல ஒரு வேலை சுமார் நாலு செகண்டு சீந்துவாரில்லாம கெடந்தா புடிச்சு கொஞ்ச நேரத்துக்கு மேல தூக்கி விட்டுடும். லினக்ஸ்ல 2007ல இங்கோ மோல்னார் எழுதினது வேற மாதிரி, யாரு எவ்ளோ நேரம் ஓடினாங்கன்னு கடன் நோட்டு மாதிரி எழுதி வச்சு கம்மியா ஓடினவனுக்கு அடுத்த முறை. உங்க ஆண்ட்ராய்டு போன் உள்ள இருக்கறதும் லினக்ஸ்தான். 2023ல அந்த முறைய மாத்தி, யாருக்கு எப்பக்குள்ள குடுக்கணும்னு கெடுவும் சேத்து பாக்கறாங்க.

கெடுன்னதும் செவ்வாய் கிரகம் ஞாபகம் வருது. 1997 ஜூலையில நாசாவோட பாத்ஃபைண்டர் விண்கலம் அங்க எறங்கினப்புறம் திடீர் திடீர்னு ரீஸ்டார்ட் ஆச்சு. காரணம் என்னன்னா, வானிலை பாக்கற சின்ன வேலை ஒரு பூட்ட, அதாவது ஒரு நேரத்துல ஒருத்தர்தான் தொடலாம்ங்கற உரிமைய, கையில வச்சிருந்துச்சு, ரொம்ப முக்கியமான வேலை அந்த பூட்டுக்கு காத்துகினு இருந்துச்சு, நடுவுல வேற ஒரு நடுத்தர வேலை நுழைஞ்சு சின்னத ஓடவே விடல. எங்க கடைப் பையன் கையில கட்டர் இருக்கு, அவசரக்காரர் கட்டருக்கு நிக்கறாரு, நடுவுல நாலு பேர் அவன டீ வாங்க அனுப்பினா எப்டி இருக்கும், அப்டி. முக்கியமானவரு காத்திருக்கற வரைக்கும் பையனுக்கும் அவரோட மரியாதைய குடுன்னு ஒரு செட்டிங் இருந்துச்சு, ஆன் பண்ணாம விட்டிருந்தாங்க. பூமியில இருந்தே அனுப்பி ஆன் பண்ணாங்க, சரியாச்சு.

ஆனா எல்லா ஸ்லோவுக்கும் இந்த வரிசை காரணம் இல்ல. போன வைகாசி, சிரசு திருவிழா முடிஞ்ச வாரம், ஒரு கல்யாண போட்டோகிராபர் சிபியு பொட்டிய தூக்கினு வந்து புது ப்ராசஸர் போடுங்கன்னாரு. எது எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜர தொறந்தா ப்ராசஸர் 6 சதவீதம், டிஸ்க் 100. வேலைங்க எல்லாம் பழைய ஹார்டு டிஸ்க் வாசல்ல நின்னுகினு இருந்துச்சு, ப்ராசஸருக்கு ஓட்ட ஆளே இல்ல. அத விட வேகமான எஸ்.எஸ்.டி டிஸ்க் ஒண்ணு மாட்டி விட்டேன், அதே ப்ராசஸர்தான் இன்னும் ஓடுது.