மட்டிப்பழமும் ஆறு விநாடியும்

(குமரி மாவட்டம் கருங்கல் பக்கம், அங்கன்வாடிப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும், பிள்ளைகளை உண்மையில் வளர்க்கிற பாட்டிமாருக்கும் வணக்கம். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், நல்லது. அவர்கள் சத்தம் போட்டால் யாரும் வாயைப் பொத்த வேண்டாம். இன்றைக்குப் பேச்சே அந்தச் சத்தத்தைப் பற்றித்தான்.

போன மாதம் குழித்துறை பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேரனுக்கு ஒன்றரை வயது. பாட்டி வாழைக்குலையிலிருந்து ஒரு மட்டிப்பழத்தைப் பிய்த்தார். உடனே உரிக்கவில்லை. "என்னது மக்களே இது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பையன் பழத்தைப் பார்த்தான், பாட்டி முகத்தைப் பார்த்தான், காலை உதைத்தான். நான் மனதுக்குள் எண்ணினேன்: ஆறு விநாடி. "ப்ப" என்றான். "ஆமா, பழம்! மட்டிப்பழம். உரிச்சுத் தரட்டா?" என்றார் பாட்டி. மறுபடியும் சும்மா இருந்தார். பையன் தலையை ஆட்டிய பிறகுதான் தோல் உரிந்தது.

இருபது வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்க நான் படாத பாடு படுவது அந்த ஆறு விநாடிக்காகத்தான். நாம் கேள்வியும் கேட்போம், பதிலையும் நாமே சொல்வோம், பழத்தையும் வாயில் திணித்துவிடுவோம். அப்புறம் பிள்ளை எதற்குப் பேச வேண்டும்?

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒன்றரை வயதில் தொடங்குவதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை 'ங்கு' என்கிறது. நாம் பதிலுக்கு 'ங்கு' என்றால் அது இன்னொன்று சொல்கிறது. ஆறு ஏழு மாதத்தில் 'பாபாபா', 'மாமாமா'. நம் முன்னோர் இதைக் கவனித்திருக்கிறார்கள். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால்தான் அது தாலாட்டு என்பார்கள். ஒரு வயதையொட்டி முதல் சொல் வரும், இரண்டு வயதில் "பால் தா", "அப்பா போச்சு" என்று இரண்டு சொல் சேரும்.

"போனில் பாட்டுப் போட்டுக் கொடுக்கிறோமே, அதுவும் பேச்சுதானே" என்று கேட்பீர்கள். 2003-இல் அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு காரியம் செய்தார். ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு கூட்டத்தோடு சீன மொழி பேசுகிறவர்களை நேரில் விளையாட விட்டார். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்களை வீடியோவில் காட்டினார். நேரில் கேட்ட பிள்ளைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வீடியோ பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

ஆனால் வளைகுடாவில் இருக்கும் அப்பாவின் வீடியோ கால் வேறு. அங்கே இருப்பவர் பிள்ளைக்குப் பதில் சொல்கிறார். அதைக் கெடுப்பது நாம்தான்: "அப்பான்னு சொல்லு, சொல்லு மக்களே, சொல்லு!" பரீட்சை ஹாலில்கூட இவ்வளவு நெருக்கடி இல்லை. கேட்பதை விட்டுவிட்டு, அப்பா தன் தட்டில் இருக்கும் குப்பூஸ் ரொட்டியைக் காட்டட்டும், பிள்ளை தன் பொம்மையைக் காட்டட்டும். தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற அப்பாமாருக்கு அந்த வசதியும் கிடையாது. கரைக்கு வந்த நாளில் வலையைக் காட்டி, மீனின் பேரைச் சொல்லிப் பிள்ளையோடு அரை மணி நேரம் உட்காரட்டும்.

களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள், வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குவதால் பிள்ளை குழம்பிவிடுமோ என்று கேட்கிறார்கள். குழம்பாது. பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும். எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ஆங்கிலப் பள்ளிக்குத் தயார் செய்கிறோம் என்று, "கம் மக்களே, சிட், ஈட்" என்று நமக்கே சரளமில்லாத மொழியில் நாலு கட்டளையோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். உங்களுக்குக் கதை சொல்லவும் கிண்டல் பண்ணவும் எந்தப் பேச்சு வருமோ அதில் பேசுங்கள்.

பழத்தைப் 'பயம்' என்று சொன்னால் கேலி செய்யாதீர்கள், திரும்பச் சொல்லச் சொல்லியும் வதைக்காதீர்கள். ழகரம் வரத் தாமதமாகும். வராத பெரியவர்களே இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். "ஆமா, பழம்" என்று நீங்கள் சரியாகச் சொன்னால் போதும்.

இனி என் வீட்டுக் கதை. என் மூத்தவன் இரண்டு வயதிலும் பேசவில்லை. அப்போது நான் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. "அவன் அப்பனும் லேட்டுதான்" என்றார் மாமியார். வசம்பு உரைத்து நாக்கில் தடவினோம். ஒரு டாக்டர், "ஆம்பிளைப் பிள்ளை, பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். காதை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்தபோது, அடிக்கடி சளி பிடித்ததில் நடுக்காதில் நீர் கோத்திருந்தது. நாங்கள் கொஞ்சியது, திட்டியது எல்லாவற்றையும் அவன் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டிருக்கிறான்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் காது. ஒரு வயதில் மழலை ஒலி இல்லை, கை நீட்டிக் காட்டுவதில்லை, டாட்டா காட்டுவதில்லை. ஒன்றே கால் வயது தாண்டி ஒன்றரையை நெருங்கியும் ஒரு சொல் இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை. அல்லது வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது என்றால் பொறுத்துப் பார்க்காதீர்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வர வேண்டும். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காதே கேட்கவில்லை என்றாலும், ஆறு வயதுக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில், காது கேட்க உதவும் காக்ளியர் கருவியை அறுவை சிகிச்சையில் பொருத்த வழியுண்டு. அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

சரி, கேள்விகளுக்கு வருவோம். அதற்கு முன், மூன்றாவது வரிசையில் அம்மா மடியில் இருக்கிற அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் ரொம்ப நேரமாக என் கையையே சுட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மைக், மக்களே. இது மைக். வேணுமா?