களைத்த கால்களும் முழங்கால் ஜவ்வும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்த் திருவிழாக்களையொட்டி விடிய விடிய நடக்கும் கபடிப் போட்டிகளில், ஒரே அணி ஓர் இரவில் மூன்று, நான்கு ஆட்டங்கள் ஆட நேர்வதுண்டு. கடைசி ஆட்டத்தில் ரெய்டுக்குச் சென்ற வீரர், சட்டென்று திரும்பும்போது 'டப்' என்ற சத்தத்தோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் என்னும் முன் சிலுவை ஜவ்வு கிழிந்திருக்குமோ என்பதே மருத்துவரின் முதல் ஐயமாக இருக்கும். கால்பந்திலும் கூடைப்பந்திலும் இந்த ஜவ்வுக் காயங்களில் பெரும்பாலானவை, முழங்காலில் எவரும் மோதாமலேயே நிகழ்கின்றன.

ஓட்டத்தை நிறுத்தும்போதோ குதித்து இறங்கும்போதோ, முன்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னே இழுக்கிறது. அதைத் தடுக்கும் ஜவ்வுக்குத் துணையாகப் பின்தொடைத் தசை அதே எலும்பைப் பின்னே இழுத்துப் பிடிக்கிறது. இடுப்பின் பக்கத் தசைகளோ, முழங்கால் உள்நோக்கி மடங்காமல் காக்கின்றன. பாதம் தரையைத் தொட்ட பின் ஒரு நொடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஜவ்வு கிழிந்துவிடுவதால், ஆபத்தை உணர்ந்த பிறகு தசையை இறுக்க அவகாசமே இல்லை.

களைப்பு இந்தத் தசைகளின் வலுவைக் குறைக்கிறது. ஆனால் களைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல நான் தயங்குகிறேன். ஆட்டத்தின் தொடக்கத்திலும் இக்காயம் நேர்கிறது, ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. களைத்த பின்னும் போதிய வலு எஞ்சியிருக்கிறதா என்பதே என் கவலை.

தண்டாலும் பஸ்கியும் நம் வீரர்கள் குறைவின்றி எடுக்கிறார்கள். ஆனால் பஸ்கியில் பின்தொடைக்கு வேலை குறைவு. அதற்கென ஓர் எளிய பயிற்சி உண்டு: மண்டியிட்டு, உடலை நிமிர்த்தி, தோழர் ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடுப்பை வளைக்காமல், முடிந்தவரை மெதுவாக முன்னே சாய வேண்டும். கால்பந்து வீரர்களுக்காக 2006-இல் உருவான ஃபிஃபா 11+ என்னும் இருபது நிமிடப் பயிற்சி முறையிலும் இது இடம்பெற்றுள்ளது.

பயிற்சியாளர்களே, பயிற்சி முடிந்து வீரர் களைத்திருக்கும் வேளையில், அவரை ஒற்றைக்காலில் பாதி உட்காரச் சொல்லி முன்னிருந்து கவனியுங்கள். முழங்கால் உள்பக்கம் சரிந்தால், இடுப்புத் தசைகளுக்கும் பயிற்சி தேவை. போட்டி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே அணியை அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு இறக்காமல், இடையில் கால்கள் ஓய்வுபெற நேரம் விட்டு அட்டவணை போடுங்கள்.

நன்றி, வணக்கம்.